ரெண்டு நாளைக்கு மட்டும்

கார்டக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்பது அலுவலகத்தில் இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். முதல் வருடம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, வெளியே சொல்லமாட்டாள், பிடித்தும் போய்விட்டது.

அந்த நிறுவனம் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நாற்பத்திரண்டு பம்பு அறைகளைப் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வோர் அறையின் சுவரிலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். மேலே தொட்டிக்குள் நட்ட கம்பியில் ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும். மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெட்டி தனக்குள் இருக்கும் சிம் வழியாக தலைமை அலுவலகத்தில் உள்ள சர்வருக்குச் சொல்லும். தொட்டி பத்து நிமிடம் விடாமல் குறைவாகவே இருந்தால் சர்வர் மோட்டாரை ஓட்டும். நிரம்பினால் நிறுத்தும். அந்த சர்வருக்கான புரோகிராமை சி மொழியில், ஒற்றை ஆளாக, எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியவள் அவள்.

எழுதும்போதே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். பேச வருகிற பெட்டி, 'நான்தான் ஐந்தாம் நம்பர்' என்று வாயால் சொன்னால் போதாது; அதற்கென்று கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழை நீட்ட வேண்டும். சர்வர் அதை வாங்கிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. சான்றிதழ் என்றால் யாருக்கும் புரியவில்லை என்பதால் கார்டு என்று சொல்ல ஆரம்பித்தாள். பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் மேனேஜர் அவளைத்தான் முன்னால் நிறுத்துவார். "கார்டு இல்லாம எதுவும் உள்ள வராது சார்" என்று அவள் முடிக்கும்போது நாலு பேர் தலையாட்டுவார்கள். கேண்டீனில் யாராவது வரிசையில் இடையில் நுழைந்தால், "ஏய், கார்டக்கா பாக்கறாங்க, கார்டக் காட்டிட்டுப் போ" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

சின்ன வயதிலிருந்தே தப்பு செய்து மாட்டிக்கொள்வதைப் போல அவளைப் பயமுறுத்தும் விஷயம் வேறில்லை. கணக்கு நோட்டில் ஓர் இடத்தில் அடித்துத் திருத்தினால் போதும், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். வருடக் கடைசியில் நோட்டு பாதியாக மெலிந்திருக்கும். "எல்லார் வீட்டுலயும் இருக்கிற எலிதானே இங்கயும் இருக்கு, உன் நோட்ட மட்டும் ஏன்டி தின்னுது?" என்று அம்மா கேட்பாள். திருத்தம் இல்லாத நோட்டுக்காக அவள் வாங்கிய பாராட்டெல்லாம் அப்படி வந்தவை.

பதினேழாம் பம்பு அறையில் நடந்த கோளாறு மூன்று வாரத்துக்கு முந்தியது. அந்த அறையின் ஆபரேட்டர் ஐம்பதை நெருங்கியவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்வார். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்குத் தூக்கத்தார் என்று பெயர். அன்று செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து மோட்டார் ஓடவே இல்லை. தொட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அவர் கட்டுப்பாட்டு அறைக்கு நாலு தடவை போன் செய்தார். கையால் மோட்டாரைப் போடும் சாவியைக் கேட்டார். அது மேனேஜரின் மேசையில் பூட்டிக் கிடந்தது. "இங்க ஃபுல்லுன்னு காட்டுதுண்ணே, கனவு கினவு கண்டீங்களா?" என்று போனை எடுத்தவன் சிரித்தான். சாயங்காலம் மூன்று தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆட்கள் வாளியோடு பம்பு அறைக்கு வந்தார்கள். ஜன்னல் கண்ணாடி போனது. தூக்கத்தாரின் சட்டைக் காலரும் கிழிந்தது.

மறுநாள் சர்வரின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். பதினேழாம் எண்ணுக்கு நேரே முப்பது சதவீதம், நூறு, முப்பது, நூறு என்று தொடங்கி, சிறிய எண் மட்டும் குறைந்துகொண்டே, நாள் முழுக்க மாறி மாறி இருந்தது. தண்ணீர் இப்படி ஒரு நிமிடத்தில் ஏறி இறங்காது. யாரோ கயிறு கட்டி மிதவையைக் கையால் தூக்கித் தூக்கி விட்டிருக்கிறார்கள் என்றார் மேனேஜர். குறைவான அளவு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் வராததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் சத்தம் இல்லாவிட்டால் யாருக்கு நிம்மதியான தூக்கம் வரும்? அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லும்மா" என்று மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "வேற ஏதாவது பொட்டி பதினேழுன்னு பேர் சொல்லிக்கிட்டு நம்ம சர்வர்ல பேச முடியுமா?"

"முடியாது சார். கார்டு இல்லாம எதுவும் உள்ள வராது."

பதிவையும் பார்த்தாள். பதினேழு வந்த ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் 'சரிபார்ப்பு: சரி' என்று இருந்தது. அதைக் கடிதமாகக் கேட்டார் மேனேஜர். தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் இரண்டிலும் எழுதினாள். 'உரிய சான்றிதழின்றி எந்தச் சாதனமும் சர்வருடன் தொடர்புகொள்ள இயலாது. மேற்படி நாளில் பதினேழாம் எண்ணில் பதிவான தகவல்கள் யாவும் சரிபார்க்கப்பட்ட சாதனத்திலிருந்தே பெறப்பட்டவை.' 'யாவும்' என்ற சொல் நன்றாக விழுந்திருக்கிறது என்றுகூட அப்போது நினைத்தாள். கடிதத்தின் நகல் ஒன்று தூக்கத்தாரின் வீட்டுக்குப் போயிற்று. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். முடிவான விசாரணை மூன்று வாரம் கழித்து வந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று ஆயிற்று.

அந்த வாரம் புதன்கிழமை மதியம், ஒரு கேபிள் தேடி அவள் கீழ்த்தளத்தில் இருந்த ரிப்பேர் அறைக்குப் போனாள். அங்கே இருப்பவருக்கு டெஸ்டர் என்று பெயர். காதுமேல் பென்சில் வைப்பதுபோல் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை எப்போதும் செருகியிருப்பார். அவரும் அவளும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"கேபிள் அந்த அலமாரியில கிடக்கும், பாத்து எடுங்கக்கா. மேல இருக்கிறத இழுத்தீங்கன்னா எல்லாம் தலையில விழும். அப்புறம் எனக்கு விசாரணை வச்சிருவாங்க."

அலமாரியில் பழைய பெட்டிகள் அடுக்கியிருந்தன. நடுத்தட்டில் ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அதன் கம்பியும் ஒயரோடு தலைகீழாகத் தொங்க, மிதவை மேல்பக்கம் இருக்க வேண்டிய முனையில் போய் முட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் 17.

"இது என்ன, பதினேழு?"

"அதுவா? அது நம்ம முதல் பொட்டிக்கா. மாத்தினப்புறம் இங்கதான் கிடக்கு. கிழவனுக்கு இன்னும் உயிர் இருக்கு, தெரியுமா? மூணு வாரம் முன்னாடி சும்மா கரண்டு குடுத்துப் பாத்தேன். கப்புன்னு பச்சை லைட்டு எரிஞ்சுது. சரி ஓடட்டும்னு விட்டுட்டு, சாயங்காலம் போறப்பதான் அணைச்சேன்."

"என்னைக்கு?"

டெஸ்டர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பழைய பெட்டிகளைச் சோதித்த நாளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். அது அதே செவ்வாய்க்கிழமை. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவருக்கு எதையும் எதோடும் கோத்துப் பார்க்கக் காரணமில்லை.

"இதுக்குள்ள சிம் இருக்கா?"

"யாரு கழட்டினா? அப்படியே இருக்கு."

"கார்டு?"

"இதுக்கு ஏதுக்கா கார்டு?" என்று சிரித்தார். "இந்தப் பொட்டிதான் கார்டு போடவே இடம் பத்தாதுன்னு அடம் பிடிச்சுது. மறுநாள் பெரிய ஆளுங்க எல்லாம் திறந்து வைக்க வர்றாங்கன்னு நீங்கதான சொன்னீங்க, ரெண்டு நாளைக்கு இது கார்டு இல்லாம ஓடட்டும்னு? மறந்துட்டீங்களா?"

அவள் மறக்கவில்லை.  கேபிளை எடுக்காமலே மாடி ஏறினாள்.

இருக்கையில் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, எத்தனையாவது வரி என்று விரலுக்கே தெரிந்திருந்தது. சர்வர் தன்னிடம் வருகிறவரை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. அதில் இரண்டு சொற்கள் உண்டு. முதலாவது, கார்டைக் கேள் என்கிறது. இரண்டாவது, காட்டாவிட்டால் திருப்பி அனுப்பு என்கிறது. நடுவில் ஒரு நெட்டுக்கோடு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அவள் வரியில் முதல் சொல் அப்படியே இருந்தது. நெட்டுக்கோட்டையும் இரண்டாவது சொல்லையும் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு மூடியிருந்தாள். அப்படி மூடினால் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அது இல்லாதது போல. மூடிய இடத்துக்குள்ளேயே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: ரெண்டு நாளைக்கு மட்டும்.

ஆறு வருடம்.

அதாவது அவளுடைய சர்வர் வருகிறவரிடமெல்லாம் கார்டு கேட்கும். தப்பான கார்டை நீட்டினால் விரட்டிவிடும். 'கார்டே இல்லை' என்று கையை விரித்தால், சரி போ என்று வழிவிட்டுவிடும். தப்பான கார்டை வைத்து அவள் எத்தனையோ முறை சோதித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சர்வர் விரட்டியது. அந்தச் சந்தோஷத்தில் கார்டே இல்லாமல் ஒரு தடவை தட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

கீழே இன்னொரு வரி இருந்தது. கார்டில் உள்ள எண்ணும் பெட்டி சொல்லும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கும் இடம். இல்லாத கார்டைத் தொட்டால் புரோகிராம் அப்படியே விழுந்துவிடும். அதனால் 'கார்டு இருந்தால் மட்டும் பார்' என்று எழுதியிருந்தாள். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அங்கேயும் ஒரு மட்டும். பதிவில் வந்த 'சரி'? கார்டைச் சோதிக்கும் ஆயத்தப் புரோகிராமான லைப்ரரியிடம் 'சோதனையில் ஏதாவது தப்பு வந்ததா' என்று கேட்டு வாங்கிய பதில் அது. கார்டே வராத இடத்தில் தப்பு எங்கிருந்து வரும்? சரி என்றுதான் சொல்லும். கையேட்டில் இதைத் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். அவள் படித்தும் இருக்கிறாள்.

அன்று நடந்தது இப்போது வரி வரியாகத் தெரிந்தது. தலைகீழாகக் கிடந்த பழைய பெட்டி, மிதவை உச்சியில் இருப்பதால் நூறு, நூறு என்று பதினேழாம் எண்ணில் கூவியிருக்கிறது. ஒரே எண்ணில் புதிய இணைப்பு வந்தால் பழையதைத் துண்டித்துவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்வது சர்வரின் வழக்கம். அதையும் அவள்தான் அப்படி வைத்தாள். உண்மையான பதினேழு திரும்ப வந்து முப்பது என்று சொல்லும். கிழட்டுப் பெட்டி அதைத் தள்ளிவிட்டு நூறு என்னும். பாவம், தூக்கத்தார் தொட்டிமேல் ஏறி, கண்ணால் பார்த்து, போனில் கத்தியதெல்லாம் உண்மை.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் அவமானம் முழுதாக வந்தது அதற்குப் பிறகுதான். போன வருடத்துக்கு முந்தின வருடம் இதே கோப்பை வேறு வேலைக்காகத் திறந்தபோது இந்தக் குறிப்பை அவள் பார்த்திருக்கிறாள். 'அட, இது இன்னும் இருக்கா, இந்த வேலை முடிஞ்சதும் எடுத்துரணும்' என்று நினைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறாள். அந்த டீயின் சூடுகூட ஞாபகம் இருந்தது. பார்க்காமல் விட்ட தப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

சாய்கோட்டையும் நட்சத்திரத்தையும் அழித்தாள். குறிப்பையும் அழித்தாள். 'இருந்தால் மட்டும்' என்ற இடத்தில், இல்லாவிட்டால் இணைப்பை முடி என்று எழுதினாள். கம்பைல் செய்து, சர்வரை நிறுத்தி ஏற்றினாள். டெஸ்டருக்குப் போன் போட்டு, "அந்தப் பழைய பொட்டிக்குக் கொஞ்சம் கரண்டு குடுங்க" என்றாள். திரையில் பதினேழு வந்து கதவைத் தட்டியது. கார்டு இல்லை. போ. மறுபடி தட்டியது. போ. எல்லாம் சேர்ந்து இருபது நிமிட வேலை. சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் இருந்தவர்கூட நிமிரவில்லை. கோப்பு சுத்தமாக இருந்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிய நோட்டு போல.

வீட்டுக்குப் போனபோது கணவர் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். நாள் முழுக்க நின்றே பழகியதால் வீட்டிலும் நின்றுகொண்டு செய்யும் வேலையைத்தான் தேர்ந்தெடுப்பார். அவள் துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்தாள்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு கூத்து பண்ணிட்டாங்க."

"யாரு, தூக்கத்தாரா?"

"இல்ல. வேற ஒருத்தர். புரோகிராம் எழுதறவங்க. தப்பான கார்டு காட்டினா சர்வர் விரட்டிரும். கார்டே காட்டலைன்னா உள்ள விட்டுரும். அப்படி எழுதி வச்சிருக்காங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "இரு இரு. அதாவது நான் பெட்டியில ஏறறேன். நேத்து டிக்கெட்ட வச்சிக்கிட்டு ஒரு அப்பாவி உக்காந்திருக்கான், அவனக் கையப் பிடிச்சு இறக்கி விடறேன். பக்கத்துல ஒருத்தன் டிக்கெட்டே எடுக்காம கால நீட்டிப் படுத்திருக்கான். அவனுக்குப் போர்வைய இழுத்து விட்டுட்டு அடுத்த பெட்டிக்குப் போறேன். நல்ல உத்தியோகம்! யாரு அந்த மகானுபாவன்?"

அவள் ஒரு துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"உன்னத்தான். யாரு?"

"நான்தான்."

சிரிப்பு நிற்பதற்கு ஒரு விநாடி ஆனது. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வடிந்து இறங்குவதைப் பார்க்க அவளால் முடியவில்லை, துண்டையே பார்த்தாள்.

"அப்போ அந்த ஆபரேட்டர்..."

"ம்."

"சொல்லிட்டியா?"

"சரி பண்ணிட்டேன். இனிமே வராது."

"நான் அதக் கேக்கல."

 அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு, அவள் முன்னால் கிடந்த துணியில் பாதியை எடுத்து மடிக்க உட்கார்ந்தார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

வியாழக்கிழமை மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இப்ப சரி பண்ணியாச்சுல்ல?"

"ஆச்சு சார்."

"அப்புறம் என்னம்மா? தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி போட்டுடலாம். அவரும் வேலைக்கு வந்துருவாரு. உன் பேரு எங்கயும் வராது. நாப்பத்திரண்டு அறைம்மா. கார்டு இல்லாம எதுவும் உள்ள வராதுன்னு நான் எத்தன பேருகிட்ட மார் தட்டியிருக்கேன், யோசிச்சுப் பாரு."

இருக்கைக்கு வந்து அந்த ஒரு வரியை எழுதப் பார்த்தாள். தமிழில் எழுதினாள்: 'சரிபார்ப்பு நடைமுறையில் ஒரு குறைபாடு இருந்தமை தற்போது கண்டறியப்பட்டுச் சீர்செய்யப்பட்டுள்ளது.' ஆங்கிலத்திலும் எழுதினாள். அதில் இன்னும் வழவழப்பாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். குறைபாடு இருந்தது, யார் வைத்தது? கண்டறியப்பட்டது, யார் கண்டது? இரண்டு மொழியிலும் அந்தக் கடிதத்துக்குள் ஓர் ஆள்கூட இல்லை. மூன்று வாரத்துக்கு முன் எழுதிய கடிதத்தை எடுத்தாள். அதிலும் யாரும் இல்லை. தொடர்புகொள்ள இயலாது, பெறப்பட்டவை. கார்டைக் காட்டாமலே ஒரு கடிதம் உள்ளே போயிருக்கிறது, இன்னொன்று போகப் பார்க்கிறது என்று நினைத்தாள்.

எழுதியதை அழித்தாள். விசாரணைக்குத் தானும் வருவதாக மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தூக்கத்தார் வந்தார். சலவைச் சட்டை, சீவிய தலை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் அவளுடைய கடிதம்.  நீள மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் தூக்கத்தார். அவள் சுவரோரம் நின்றாள்.

"சில தொழில்நுட்பக் காரணங்களால..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"சார், நான் சொல்லிடறேன்" என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "அண்ணா, அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் நிஜம். தொட்டி காலியாத்தான் இருந்துச்சு. கீழ ரிப்பேர் ரூம்ல கிடந்த உங்க பழைய பொட்டி, பதினேழுன்னு சொல்லிக்கிட்டு சர்வர்ல பேசியிருக்கு. அதுகிட்ட கார்டு இல்ல. கார்டு இல்லாதத உள்ள விடக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். அத நான்தான் ஆறு வருஷம் முன்னாடி மூடி வச்சேன், ரெண்டு நாளைக்கு மட்டும்னு. அப்புறம் திறக்கல. நடுவுல ஒரு தடவ கண்ணுல பட்டுச்சு, அப்பவும் திறக்கல. அது தெரியாம, உள்ள வர முடியாதுன்னு கையெழுத்தும் போட்டேன்."

'தெரியாம' என்று சொன்ன வாயைக் கடித்துக்கொண்டாள். "தெரியாம இல்ல. பாக்காம."

தூக்கத்தாருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. 

"அப்ப அந்தப் பொட்டிதான் தூங்கியிருக்கு" என்றார். "நான் இல்ல."

மேனேஜர் சிரித்துவைத்தார். தூக்கத்தார் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? நான் நாலு வாட்டி போன் போட்டேன். நீங்க பொட்டி சொன்னதப் பாத்தீங்க, சரி. ஒரு ஆளு சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து தொட்டிய எட்டிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி நேரம். யாருக்கும் தோணலையே, ஏன்?"

  தூக்கத்தார் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். மடித்த இடங்களில் தாள் நைந்திருந்தது.

"இத எனக்கு என் பொண்ணுதான் படிச்சுக் காட்டினா. பத்தாவது படிக்கிறா. முடிச்சிட்டு, 'அப்பா, யாரோ ரொம்ப நல்லா எழுதியிருக்காங்கப்பா, இதுக்கு மேல நாம என்ன சொல்றது'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் அவ எங்கிட்ட சரியாப் பேசல. மூணு வாரம் ஆச்சு."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அவளுக்கு அந்த 'யாவும்' ஞாபகத்துக்கு வந்தது. நன்றாக விழுந்த சொல். தரையில் எங்காவது ஓர் ஓட்டை இருந்தால் அதற்குள் இறங்கிப் போயிருப்பாள்.

"உக்காருங்கம்மா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றார் தூக்கத்தார்.

"பரவாயில்லண்ணா."

"உக்காருங்கன்றேன்."

அவள் உட்காரவில்லை. உட்காரச் சொன்னதை ஏற்றுக்கொள்ளும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. மேசையில் இருந்த வெள்ளைத் தாளை இழுத்து, குனிந்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். நான் என்று தொடங்கினாள். நான் இந்த நிறுவனத்தின் சர்வர் புரோகிராமை எழுதியவள். நான் ஒரு வரியை மூடி வைத்தேன். நான் சரிபார்க்காமல் கையெழுத்திட்டேன். பதினேழாம் அறை ஆபரேட்டர் சொன்னது உண்மை. என் கடிதம் பொய். பத்தாம் வகுப்புப் பெண் ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய வாக்கியங்கள். ஓர் இடத்தில் தப்பாக எழுதி அடித்தாள். தாளைக் கிழிக்கவில்லை. அடித்தது அடித்தபடியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டாள். ஒரு மொழியில் மட்டும் எழுதினாள்.

தூக்கத்தார் அதை வாங்கி, பழைய கடிதத்தின் பின்னால் வைத்து உறையில் போட்டார். பழையதை எடுத்துப் போடவில்லை. "ரெண்டையும் சேத்துப் படிக்கட்டும்" என்றார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்காததாகவும் சொல்லவில்லை. எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"அப்போ நான் எப்பங்க வேலைக்கு வர்றது?"

மேனேஜர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "அதெல்லாம் பிரச்சினையே இல்ல. பேப்பர் வேலைதான். ரெண்டு நாள்ல ஆர்டர் போட்டுடலாம்."

மேசையருகே நின்றிருந்தவள் நிமிர்ந்தாள். ஆறு வருடமாக அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டிராத சத்தத்தில் அவள் குரல் வந்தது.

"வேண்டாம் சார். இன்னைக்கே போடுங்க."

"ரெண்டு நாள்தானேம்மா..."

"அந்த ரெண்டு நாளு எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும் சார். இப்பவே போடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். பிறகு தூக்கத்தாரைப் பார்த்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார். தூக்கத்தார் உள்ளே தள்ளிய நாற்காலியைத் திரும்ப இழுத்து உட்கார்ந்தார்.  பிரிண்டரிலிருந்து தாள் வந்து விழும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.